தரங்கம்பாடி சாலையில் ஒரு செய்முறைத் தேர்வு

சென்ற மாதம் உங்கள் சான்றிதழ் வழங்கும் விழாவுக்கு என்னை அழைத்திருந்தீர்கள். எனக்கு இருபது நிமிடம் என்று அழைப்பிதழில் போட்டிருந்தது. எனக்கு முன்னால் பேசியவர்கள் அந்த இருபதையும் சேர்த்துப் பேசிவிட்டார்கள். எனக்குக் கிடைத்தது ஒரு சால்வையும் ஐந்து நிமிடமும்தான். வாழ்த்துச் சொல்லிவிட்டு இறங்கினேன். கீழே வந்ததும் உங்களில் ஒரு பெண் என் கையைப் பிடித்துக்கொண்டு, "மேடம், நீங்க எந்தக் கோர்ஸ் படிச்சு இந்த வேலைக்கு வந்தீங்க?" என்று கேட்டாள். அவளுக்குப் பின்னால் இன்னும் நாலைந்து பேர் நின்றார்கள். ஒருவன் பிளஸ் டூவில் தொழிற்கல்விப் பிரிவு எடுத்தவன். ஒருத்தி விமான டிக்கெட் போடுகிற ஆறு மாதப் படிப்பு முடித்தவள். இன்னொருவன் பட்டம் வாங்கிய பிறகு டிப்ளமோவுக்கு வந்தவன். தாங்கள் வந்த வழி சரியான வழிதானா என்ற கவலை எல்லார் முகத்திலும் இருந்தது. பதில் சொல்வதற்குள் சாப்பிடக் கூப்பிட்டுவிட்டார்கள்.

அந்தப் பதிலை இப்போது எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் வரும். முப்பத்தோரு வருஷம் கைடாக இருந்தவளிடம் போய்க் கேள்வி கேட்டது உங்கள் தவறு, அதற்கு நான் பொறுப்பில்லை.

எங்கள் ஊர் மாயவரத்துக்கும் தரங்கம்பாடிக்கும் நடுவில் இருக்கிறது. ரோட்டை ஒட்டி ஒரு வாய்க்கால், வாய்க்காலுக்கு ஒரு மதகு, மதகைத் தாண்டினால் எங்கள் தெரு. தெருவில் எல்லாரும் லுத்தரன் சபை, எல்லாரும் வயல் வேலை. அம்மாவும் அப்பாவும் இரண்டு வருஷ இடைவெளியில் போய்விட்டார்கள். அப்போது எனக்குப் பதினொரு வயது, எஸ்தர் அக்காவுக்குப் பதினெட்டு. அவள் மூன்றாம் வகுப்போடு நின்றவள். நான் மிஷன் பள்ளியில் படித்து, கல்லூரியில் பி.யு.சி. முடித்து, டைப்ரைட்டிங் லோயரும் பாஸ் பண்ணினேன். அந்தக் காலத்தில் டைப்ரைட்டிங் தெரிந்த பெண்ணுக்கு வேலை நிச்சயம் என்பார்கள். தெரிந்த பெண்கள் எல்லா ஊரிலும் நூற்றுக்கணக்கில் இருந்தார்கள் என்பதை யாரும் சொல்லவில்லை. ஒரு வருஷம் சும்மா இருந்தேன். சும்மா என்றால் நடவு, களை பறிப்பு, அறுப்பு எல்லாம் உண்டு, வேலை மட்டும் இல்லை.

பிறகு தஞ்சாவூரில் சுற்றுலா வழிகாட்டிகளுக்கு மூன்று மாதப் பயிற்சி என்று பேப்பரில் ஒரு விளம்பரம் வந்தது. ஆங்கிலம் தெரிந்திருக்க வேண்டும், தேர்ந்தெடுக்கப்பட்டவர்களுக்கு மட்டும் இடம். எழுதிப் போட்டேன், கிடைத்தது. முதலில் எழுத்துத் தேர்வு, அடுத்து நேர்முகம், கடைசியில் செய்முறைத் தேர்வு. உண்மையான பயணிகளை உண்மையான பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு ஒரு நாள் போய் வர வேண்டும். கூடவே ஒரு தேர்வு அதிகாரி வருவார். அதில் தேறினால் சட்டையில் குத்திக்கொள்ள பேட்ஜ், கையில் லைசென்ஸ். தேறாவிட்டால் மறுபடி விண்ணப்பம், மறுபடி தேர்வுக்குழு, முதலிலிருந்து. இடம் திரும்பக் கிடைக்கும் என்பதற்கு ஒரு உத்தரவாதமும் கிடையாது.

பயிற்சியில் நான் எப்படி என்று ஒரு சம்பவம் சொல்கிறேன், சிரித்துவிட்டு மேலே படியுங்கள். முதல் ஒத்திகை பெரிய கோயிலில். என் முறை வந்தது. நந்தியைப் பற்றிப் பேசினேன், விமானத்தின் நிழலைப் பற்றிப் பேசினேன், எல்லாம் மனப்பாடம். பிறகு சக மாணவர்கள் பதினெட்டுப் பேரையும் கம்பீரமாக அழைத்துக்கொண்டு பிராகாரத்தைச் சுற்றக் கிளம்பினேன், இடமிருந்து வலமாக அல்ல, எதிர்ப்பக்கமாக. எதிரே வலம் வந்துகொண்டிருந்த கூட்டம் எங்கள் மேல் மோதியது. ஒரு மாமி, "ஏம்மா, கோயிலுக்கே வந்ததில்லையா?" என்று கேட்டார். "இல்லைங்க, இப்பதான் முதல் தடவை" என்று உண்மையைச் சொன்னேன். அவர் கோபத்தை விட்டுவிட்டு என் தோளைப் பிடித்துச் சரியான பக்கம் திருப்பிவிட்டார். வகுப்பில் ஒரு மாதத்துக்கு என்னை அப்பிரதட்சணம் என்றுதான் கூப்பிட்டார்கள்.

முதல் நாளே கரும்பலகையில் இரண்டு விதிகளை எழுதிப் போட்டிருந்தார்கள். நேரம் தவறக் கூடாது. அரசியல் பேசக் கூடாது. இரண்டும் நல்ல விதிகள், இன்றைக்கும் உங்களுக்கு நான் அவற்றைத்தான் சொல்லிக்கொடுப்பேன். ஆனால் அது எப்படிப்பட்ட காலம் என்று நினைத்துப் பாருங்கள். ஆட்சி மாறியிருந்தது. பஸ் அரசுடைமை, ரோட்டோரச் சுவரெல்லாம் சின்னம், டீக்கடை பெஞ்சில் ஒரு பக்கம் ஒரு கட்சிப் பேப்பர், மறு பக்கம் இன்னொரு கட்சிப் பேப்பர். வயலில் தகராறு. கூலி கூட்டிக் கேட்டால் மிராசுதார் வெளியூர் ஆட்களை லாரியில் கொண்டுவந்து அறுப்பார். உள்ளூர் ஆட்கள் சிவப்புக் கொடியை நட்டுக்கொண்டு வரப்பில் உட்காருவார்கள். அப்புறம் போலீஸ் வரும். தஞ்சாவூர் ஜில்லாவில் தை மாதத்தில் அரசியல் பேசாமல் இருக்க வேண்டுமானால் வயலைப் பார்க்காமல் இருக்க வேண்டும். பஸ்ஸின் இரண்டு பக்க ஜன்னலிலும் வயல்தான்.

என் செய்முறைத் தேர்வும் தை மாதத்தில்தான் வந்தது. டென்மார்க்கிலிருந்து பதினான்கு பேர், எல்லாருக்கும் அறுபதுக்கு மேல். தரங்கம்பாடியில் அவர்கள் நாட்டுக்காரர்கள் கட்டிய கோட்டையைப் பார்க்க வந்திருந்தார்கள். தஞ்சாவூரில் காலை ஆறு மணிக்குக் கிளம்பி, கும்பகோணம் வழியாகப் பதினொரு மணிக்குத் தரங்கம்பாடி போய்ச் சேர வேண்டும். தேர்வு அதிகாரி சென்னையிலிருந்து வந்தவர். மெலிந்த மனிதர், சத்தமில்லாத குரல். கடைசி இருக்கையில் நோட்டுப் புத்தகத்துடன் உட்கார்ந்தார். கும்பகோணம் வரை நான் பேசப் பேச அவர் தலை ஆடிக்கொண்டே இருந்தது. தேறிவிட்டேன் என்றே நினைத்தேன்.

மாயவரம் தாண்டியதும் நான் ஜன்னல் பக்கம் நகர்ந்து நின்றுகொண்டேன். இன்னும் கொஞ்ச நேரத்தில் எங்கள் மதகு வந்துவிடும். மூன்று மாதமாக ஊருக்குப் போகவில்லை. பஸ் போகும்போது அக்கா வயலில் நிற்பாள், நான் ஜன்னலிலிருந்து பார்த்துக்கொள்ளலாம் என்று ஆசையாக இருந்தது. வளைவில் திரும்பியதும் டிரைவர் பிரேக் போட்டார்.

மதகுக்குப் பக்கத்தில் ரோட்டை அடைத்துக்கொண்டு அறுபது எழுபது பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். எல்லார் இடுப்பிலும் அரிவாள். மதகுச் சுவரில் சிவப்புக் கொடிகள். ஓரமாக நான்கு ஆண்கள் நின்றுகொண்டு தப்பு மேளம் அடித்தார்கள். முன் வரிசையில் நடுவில் எஸ்தர் அக்கா.

பயணிகள் எழுந்து நின்று எட்டிப் பார்த்தார்கள். இது என்ன என்று முன் இருக்கையில் இருந்த ஓய்வுபெற்ற போஸ்ட் மாஸ்டர் கேட்டார். பதினான்கு முகங்களும் என்னைப் பார்த்தன. கடைசி இருக்கையிலிருந்து அதிகாரியும் பார்த்தார். கரும்பலகையின் இரண்டாவது விதி என் கண் முன்னால் வந்து நின்றது. யோசிக்க எனக்கு இரண்டு வினாடி கூட ஆகவில்லை. இது எங்கள் ஊர் அறுவடைத் திருவிழா என்று ஆங்கிலத்தில் சொன்னேன்.

சொன்ன வேகம் எனக்கே ஆச்சரியமாக இருந்தது. அதிகாரி நோட்டில் ஏதோ எழுதிக்கொண்டு, "நல்லாச் சமாளிச்சே" என்பது போலத் தலையாட்டினார். எனக்குப் பெருமையாகவும் இருந்தது, அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

திருவிழா என்றால் யார் பஸ்ஸுக்குள் உட்கார்ந்திருப்பார்கள்? கேமராவைத் தூக்கிக்கொண்டு எல்லாரும் இறங்கிவிட்டார்கள். நானும் பின்னால் இறங்கினேன். அக்கா என்னைப் பார்த்தாள். பார்த்த உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டு பக்கத்தில் இருந்த சித்தியிடம் ஏதோ சொன்னாள். சித்தி அடுத்தவளிடம் சொன்னாள். வரிசை முழுக்க அது பரவியது. அத்தை, சின்னம்மா, என்னோடு படித்த புஷ்பம், ஒருத்தி கூட என்னைத் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. என் மேல் எல்லாருக்கும் கோபம் என்று நினைத்தேன். பிறகுதான் தெரிந்தது. என் நெஞ்சில் குத்தியிருந்த பயிற்சி அட்டையையும் பின்னால் வந்த அதிகாரியின் நோட்டையும் அக்கா பார்த்திருக்கிறாள். "பாப்பாவுக்குப் பரீட்ச நடக்குது, யாரும் கூப்பிட்டுறாதீங்க" என்றுதான் அவள் சொல்லி அனுப்பியிருக்கிறாள். என்னைத் தெரியாத மாதிரி இருப்பதற்கு எங்கள் தெரு முழுவதும் அன்றைக்கு அப்படிப் பாடுபட்டது. நான் பாடுபடவே இல்லை, எனக்கு அது சுலபமாக வந்தது. இன்று நினைத்தாலும் கூசுகிறது.

பயணிகளுக்கு ஒரே குதூகலம். ஒருவர் கொடியைப் பிடித்துக்கொண்டு படம் எடுத்துக்கொண்டார். டென்மார்க்கில் சொந்தமாகப் பண்ணை வைத்திருந்த ஒரு வயதான அம்மாள், புஷ்பத்தின் இடுப்பிலிருந்த அரிவாளைத் தொட்டுப் பார்த்து, கூர் நன்றாக இருக்கிறது என்று சைகை காட்டினார். அதுவரை கூடப் பரவாயில்லை. போஸ்ட் மாஸ்டர் தப்புச் சத்தத்துக்கு ஆட ஆரம்பித்தார். நல்ல மனிதர், ஆறடி உயரம், திருவிழாவில் ஆடாமல் இருப்பது மரியாதை இல்லை என்று நினைத்திருப்பார். உட்கார்ந்திருந்த பெண்களின் முகம் மாறியது. தப்பு அடித்தவர்கள் நிறுத்திவிட்டார்கள். அவர் நிற்கவில்லை, கைதட்டிக்கொண்டு ஆடினார்.

அக்கா எழுந்து என் முன்னால் வந்து நின்றாள். அதிகாரி பக்கத்தில் இருந்ததால் என்னிடம், ஊர் பேர் தெரியாத ஆபீசர் அம்மாவிடம் பேசுவது போலப் பேசினாள்.

"அம்மா, ஒரு வார்த்த சொல்லுங்க. அவங்ககிட்ட எங்கள என்னன்னு சொல்லி வச்சிருக்கீங்க?"

என்னால் அவள் கண்ணைப் பார்க்க முடியவில்லை. "திருவிழான்னு" என்றேன்.

"திருவிழாவா" என்றாள். அவள் குரலில் கோபம் இருந்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். "மூணு நாளா யார் வீட்லயும் அடுப்பு பத்த வைக்கலங்க. நாங்க நட்ட வயல நாங்க அறுக்கணும்னு கேக்குறோம். அத மட்டும் அவங்ககிட்ட சொல்லிட்டு, அந்தப் பெரியவர ஆட வேணாம்னு சொல்லுங்க."

நான் வாயைத் திறப்பதற்குள் எதிர்ப்பக்கத்திலிருந்து போலீஸ் வேன் வந்து நின்றது. அதன் பின்னால் இரண்டு டிராக்டர், டிரெய்லர் நிறைய வெளியூர் அறுப்பு ஆட்கள். அவர்களும் பாவம், பசியோடுதான் நின்றார்கள். இன்ஸ்பெக்டர் இறங்கினார். ரோட்டில் ஆடிக்கொண்டிருந்த வெள்ளைக்காரரைப் பார்த்து ஒரு நிமிடம் திகைத்துப் போனார். பிறகு என்னைக் கூப்பிட்டு, பத்து நிமிடத்தில் வெளிநாட்டுக்காரர்களை ஏற்றிக்கொண்டு போய்விட வேண்டும், அதற்குப் பிறகு நடப்பதற்குத் தன்னைக் கேட்கக் கூடாது என்றார். போலீஸ்காரர்கள் லத்தியோடு வேனுக்குப் பின்னால் இறங்கி நின்றார்கள்.

எல்லாரும் பஸ்ஸில் ஏறுங்கள் என்று கூப்பிட்டேன். யாரும் வரவில்லை. இன்னும் பத்து நிமிடம், இன்னும் ஒரு படம் என்றார்கள். ஒருவர் போலீஸ்காரர்களையே படம் எடுக்கப் போனார், அவர்களும் திருவிழாவுக்கு வந்தவர்கள் என்று நினைத்துவிட்டார் போலிருக்கிறது. பிள்ளைகளே, இந்த இடத்தைக் கவனித்துப் படியுங்கள். நான் மதிப்பெண்ணுக்காகச் சொன்ன ஒரு பொய், பதினான்கு வயதானவர்களை லத்திக்கும் அரிவாளுக்கும் நடுவில் சிரித்தபடி நிற்க வைத்திருந்தது. அபாயம் என்று தெரிந்தால்தானே நகருவார்கள்? நான் அதைத் தெரியவிடாமல் செய்திருந்தேன்.

மதகுச் சுவரில் ஏறி நின்றுகொண்டு சத்தமாகச் சொன்னேன். இது திருவிழா இல்லை, நான் உங்களிடம் பொய் சொல்லிவிட்டேன், இவர்கள் தாங்கள் நட்ட வயலைத் தாங்களே அறுக்க வேண்டும் என்று கேட்டு மறியல் செய்கிறார்கள், அங்கே நிற்பது போலீஸ், சண்டை வரலாம், உடனே பஸ்ஸுக்குள் போங்கள் என்றேன். கடைசியாக, முன்னால் நிற்கும் இந்தப் பெண் என் சொந்த அக்கா என்றேன். அதைச் சொல்லும்போது கையை நீட்டி அவளைக் காட்டினேன். போஸ்ட் மாஸ்டர் ஆடுவதை நிறுத்தினார். முகம் செக்கச்செவேலென்று ஆகிவிட்டது. அக்காவின் முன்னால் போய்க் குனிந்து மன்னிப்புக் கேட்டுவிட்டு பஸ்ஸில் ஏறினார். ஒரு நிமிடத்தில் எல்லாரும் ஏறிவிட்டார்கள்.

நான் ஆங்கிலத்தில் சொன்னது அக்காவுக்குப் புரிந்திருக்காது. ஆனால் நான் கையை நீட்டி அவளைக் காட்டியதைப் பார்த்துவிட்டாள். அதற்கு மேல் மறைக்க ஒன்றும் இல்லை. பெண்கள் பக்கம் திரும்பி, "எல்லாரும் எந்திரிச்சு வழி விடுங்க. நம்ம பாப்பா போவட்டும், அதுக்கு நேரமாவுது" என்றாள். விடிந்ததிலிருந்து ஒரு மாட்டு வண்டிக்குக் கூட வழி விடாதவர்கள் எழுந்து ஓரமாக நின்றார்கள். சித்தி என் கன்னத்தைத் தடவி, "நல்லா இங்கிலீஸ் பேசுறடி" என்றாள்.

பஸ்ஸில் ஏறினேன். டிரைவர் கியர் போட்டார். மணி பத்தே முக்கால். கொஞ்சம் வேகமாகப் போனால் பதினொன்றேகாலுக்குத் தரங்கம்பாடி. கால் மணி நேரத் தாமதத்துக்கு மதிப்பெண் பெரிதாகக் குறையாது. திருவிழா என்று சொன்னதைக் கூட அதிகாரி சமயோசிதம் என்றுதான் எழுதியிருப்பார். அதாவது, அப்போது கூட நான் தேறியிருக்கலாம். முன் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். போலீஸ்காரர்கள் லத்தியைக் கை மாற்றிப் பிடித்துக்கொண்டு எங்கள் பஸ் தாண்டுவதற்காகக் காத்திருந்தார்கள். நாங்கள் நிற்கிற வரைக்கும்தான் அக்கா மேல் அடி விழாது.

"அண்ணே, வண்டிய நிறுத்துங்க" என்றேன்.

அதிகாரி எழுந்து முன்னால் வந்தார். "அம்மா, இது உன் வேலை இல்ல. கூட்டிட்டு வந்தவங்கள பத்திரமா சேக்குறதுதான் உன் வேலை" என்றார். அது சரிதான். நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது தடவை அவர் சொன்னதுதான் சரி. நீங்கள் அதைத்தான் செய்ய வேண்டும். நான் அவரிடம் இரண்டு நிமிடம் கேட்டு, பயணிகளிடம் பேசினேன். இந்த முறை எதையும் மறைக்கவில்லை. நாம் இங்கே நிற்கும் வரை இவர்களை அடிக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன், அது என் ஊகம்தான். கதவைச் சாத்திக்கொண்டு பஸ்ஸுக்குள்ளேயே இருக்கலாம், யாரும் இறங்கக் கூடாது. கல் ஒன்று விழுந்தாலும் வண்டியைப் பின்னால் எடுத்துவிடச் சொல்லியிருக்கிறேன். உங்களில் ஒருவர் போகலாம் என்று சொன்னாலும் இப்போதே போய்விடலாம், நான் வருத்தப்பட மாட்டேன் என்றேன். கடைசி வாக்கியம் பொய்.

அரிவாளைத் தொட்டுப் பார்த்த பண்ணைக்கார அம்மாள் தன் பையைத் திறந்து, நீல நிறக் கம்பளி நூலையும் ஊசிகளையும் வெளியே எடுத்தார். மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பின்ன ஆரம்பித்தார். அதைப் பார்த்ததும் மற்றவர்களும் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார்கள். டிரைவர் சாவியைத் திருப்பி இன்ஜினை நிறுத்தினார்.

இரண்டு மணி நேரத்துக்கு மேல் அங்கே நின்றோம். சும்மா நிற்க முடியுமா, கையில் மைக் இருக்கிறது. ஜன்னலுக்கு வெளியே தெரிந்த வயலைக் காட்டிப் பேச ஆரம்பித்தேன். நாற்று எப்படிப் பறிப்பார்கள், பறித்ததை முடி முடியாக எப்படிக் கட்டுவார்கள், குனிந்தபடி பின்னாலேயே நகர்ந்து எப்படி நடுவார்கள், நட்ட ஆளுக்கே அறுப்பிலும் வேலை என்ற வழக்கம் எங்கிருந்து வந்தது, எல்லாம் சொன்னேன். ஒரு வரி கூட மனப்பாடம் இல்லை. கேள்வி மேல் கேள்வி வந்தது. பண்ணைக்கார அம்மாள் பின்னலிலிருந்து தலையை நிமிர்த்தாமல், நிலத்துக்காரர் என்ன சொல்கிறார் என்று கேட்டார். தர்மசங்கடமான கேள்வி. இவர்கள் கேட்கிற கூலி கட்டாது, வெளியூர் ஆட்கள் குறைத்து வாங்குகிறார்கள், கதிர் முற்றி உதிர்கிறது, இதெல்லாம் அவர் பக்கத்து வாதம் என்று சொன்னேன். பிறகு, நான் இந்தத் தெருப் பெண், அதனால் என் பேச்சைக் கொஞ்சம் தள்ளுபடி செய்துதான் கேட்க வேண்டும் என்றும் சொல்லிவைத்தேன். அவர் சிரித்தார். அரசியல் பேசக் கூடாது என்ற விதியை நான் அன்றைக்கு உடைத்தேன்தான். ஆனால் அந்த விதி எதற்காக இருக்கிறது என்பது உடைத்தபோதுதான் புரிந்தது. நம்மை நம்பி வந்தவர்களைத் தெரியாமல் ஒரு பக்கமாக இழுத்துவிடக் கூடாது என்பதற்காக இருக்கிறது. கண் முன்னால் இருப்பதை மறைப்பதற்காக அல்ல.

வெளிநாட்டுக்காரர்கள் நகர மறுக்கிறார்கள் என்று இன்ஸ்பெக்டர் மேலே தகவல் அனுப்பியிருக்கிறார். அதனால்தானோ என்னவோ தாசில்தார் ஜீப் வந்துவிட்டது. மிராசுதாரின் காரியஸ்தரையும் எங்கள் தெரு ஆட்கள் இரண்டு பேரையும் மதகுச் சுவரில் உட்கார வைத்துப் பேசினார். என்ன பேசினார்கள் என்று கேட்கவில்லை. டிராக்டர்கள் திரும்புவது மட்டும் தெரிந்தது. இந்த அறுப்பு உள்ளூர்க்காரர்களுக்கு, கூலிப் பேச்சு அறுப்பு முடிந்த பிறகு என்று முடிவாகியிருந்தது. அக்கா ரோட்டின் நடுவில் நின்று, போலீஸ்காரர் மாதிரி கையை வீசி எங்கள் பஸ்ஸுக்கு வழி காட்டினாள். பஸ்ஸில் இருந்த பதினான்கு பேரும் கையசைத்தார்கள். அவள் வெட்கப்பட்டு முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

தரங்கம்பாடியில் மத்தியானச் சாப்பாடு ஆறிப்போயிருந்தது. கோட்டையை அரைகுறையாகத்தான் காட்ட முடிந்தது. மாலையில் பயணிகள் கடலைப் பார்க்கப் போயிருந்தபோது அதிகாரி என்னைத் தனியாகக் கூப்பிட்டார். நோட்டை என்னிடமே கொடுத்துப் படிக்கச் சொன்னார். நேரம் தவறினார், அரசியல் பேசினார், பயணிகளுக்கு முதலில் தவறான தகவல் தந்தார் என்று எழுதியிருந்தது. திருவிழாவுக்குப் போட்டிருந்த சமயோசிதத்தை அடித்திருந்தார். "பாஸ் போட முடியலம்மா. போட்டா எனக்கே மனசுக்கு நியாயமா இருக்காது" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. எனக்கு அவர் மேல் கோபம் வரவில்லை.

பின்னாளில் நானே பல வருஷம் இந்தத் தேர்வுக்கு அதிகாரியாகப் போயிருக்கிறேன். என்னைப் போல ஒருத்தி என் முன்னால் வந்திருந்தால் பாஸ் போட்டிருப்பேனா என்று அடிக்கடி யோசித்ததுண்டு. நேரத்துக்காகக் குறைத்திருக்க மாட்டேன். திருவிழா என்று சொன்னதற்கு நானும் ஃபெயில்தான் போட்டிருப்பேன்.

ஊருக்குத் திரும்பினேன். அக்காவிடம் விஷயத்தைச் சொன்னேன். மறுநாள் காலையில் அவள் ஒரு அரிவாளை என் முன்னால் வைத்துவிட்டு முன்னால் நடந்தாள். மதகை ஒட்டிய அதே வயலில் எல்லாரோடும் சேர்ந்து நானும் அறுத்தேன். மூன்று மாதம் பேனா பிடித்த கை, இரண்டாம் நாளே கொப்புளம் போட்டுவிட்டது. அக்கா என் வரிசையையும் பாதி அறுத்துக்கொண்டு போனாள். மூன்றாம் நாள் மத்தியானம் கரையில் உட்கார்ந்து கஞ்சி குடிக்கும்போதுதான் வாயைத் திறந்தாள்.

"நாங்கதான் வழி விட்டோம்ல. ஏன்டி போவல?"

"போயிருந்தா உன்ன அடிச்சிருப்பாங்கக்கா."

"அடிச்சா அடிச்சிட்டுப் போறான். அது நாலு நாள்ல ஆறிப் போவும். பரீட்ச போனா வருமா?" என்றாள். அவள் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. எனக்கும்தான். சுற்றி இருந்தவர்கள் கஞ்சியைப் பார்த்துக் குனிந்துகொண்டார்கள்.

பிறகு அக்கா முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு, மடியிலிருந்து ஒரு உரப்பையின் பிளாஸ்டிக் துண்டை எடுத்தாள். அதற்குள் நான்காக மடித்த ஒரு காகிதம் இருந்தது. அடுத்த பயிற்சிக்கான விண்ணப்பம். தஞ்சாவூருக்குப் போன எங்கள் சபை உபதேசியாரிடம் சொல்லி, முந்தின நாளே வாங்கி வரச் செய்திருக்கிறாள். பிரித்துப் பார்த்தேன். பெயர், கல்வித் தகுதி, முன் அனுபவம், எல்லாக் கட்டங்களும் காலியாக இருந்தன. கடைசியில் பாதுகாவலர் கையொப்பம் என்று இருந்த இடத்தில் மட்டும், பென்சிலால் மூன்று தடவை எழுதி அழித்த தடத்தின் மேல், எஸ்தர் என்று மையில் எழுதியிருந்தது.